வானத்துக்கு ஹீட்டர் போடப் போறாங்களாம்

முன்குறிப்பு: இது கொஞ்சம் நீளமான புலம்பல். நடுவுல கணக்கு வரும். கணக்கு அலர்ஜி உள்ளவங்க அந்தப் பத்திகளைத் தாண்டிக் குதிச்சுப் போயிடலாம், ஆனா பின்னூட்டத்துல வந்து "ஆதாரம் எங்கே"ன்னு கேக்கப்படாது.

சூரிச்சுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல எனக்கு ஒரு அண்ணன் இருக்கார். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயசுலயே இங்க வந்து, ஓட்டல் சமையலறையில பாத்திரம் கழுவி, அப்புறம் அங்கேயே சமையல்காரராகி, முப்பது வருச உழைப்புல சொந்தமா ஒரு வீடு வாங்கினவர். நான் பொட்டி தட்ட இங்க வந்த முதல் குளிர்காலத்துல, சோத்துக்கு நான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலைஞ்சப்ப, ஞாயித்துக்கிழமை தவறாம கூப்பிட்டு வச்சு புட்டும் மீன் குழம்பும் போட்ட புண்ணியவான். அதனால இந்தப் பதிவுல நான் அவரைத் திட்டப் போறேன்னு யாரும் நினைக்க வேணாம். அவர்கிட்ட அந்தச் சமாச்சாரத்தை விக்க வந்தவங்களைத்தான் திட்டப் போறேன். (கொஞ்சம் அவரையும்.)

விஷயம் இதுதான். போன ஜனவரியில அண்ணனோட அம்மா வீட்டுக்குப் பின்னால இருக்கிற டெரஸ்ல வழுக்கி விழுந்துட்டாங்க. டெரஸ்னா நம்மூரு மொட்டை மாடி இல்லைங்க. இங்க தரையோட தரையா, சமையலறைக் கதவைத் திறந்தா நேரா கால் வைக்கிற மாதிரி, டைல்ஸ் பதிச்ச வெளி முற்றம். அம்மா அதை விறாந்தைன்னுதான் சொல்வாங்க. எழுபத்தெட்டு வயசு. மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் கட்டு. இடுப்பு தப்பிச்சது தெய்வாதீனம்.

அண்ணன் அன்னிக்கு வேலையில. "நான் நிண்டிருந்தா விழுந்திருக்க மாட்டா தம்பி"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருந்தார். ஒரு மனுஷன் அந்த நிலைமையில இருக்கும்போது யார் வந்து எதை வித்தாலும் வாங்குவான். வந்தாங்க. வழவழன்னு ஒரு கையேடு. அட்டையில சுத்தி முழங்கால் அளவுக்குப் பனி, நடுவுல மட்டும் காய்ஞ்ச டெரஸ், அதுல ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வெறுங்காலோட காபி குடிச்சுட்டு நிக்குது. டைல்ஸை எல்லாம் பேத்து எடுத்துட்டு, அடியில சூடாக்குற கேபிள் பதிச்சு, மேல புது டைல்ஸ். முப்பது சதுர மீட்டர் முழுக்க. விலை ஃப்ராங்கில் ஐந்து இலக்கம்.

"நீர் இஞ்சினியர் தானே, இதை ஒருக்கா பாரும்"னு அண்ணன் அந்தத் தாளை எங்கிட்ட நீட்டினார்.

இஞ்சினியர்தான். படிச்சது மெக்கானிக்கல், தட்டுறது ஜாவா. ஹீட் அண்ட் மாஸ் ட்ரான்ஸ்ஃபர்ல ஒரு அரியர் வச்சு, கோதண்டராமன் டேட்டா புக்கைத் தலைக்கு வச்சுப் படுத்து ரெண்டாவது தடவையில பாஸ் பண்ணவன் நான். வாழ்க்கையில ஒரு நாளாவது அந்தப் பாடம் உபயோகப்படும்னு எங்க வாத்தியார் சொன்னப்ப கடைசி பெஞ்ச்ல உக்காந்து சிரிச்சோம். சார், எங்கிருந்தாலும் மன்னிச்சுக்கோங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வீட்டுக்குள்ள தரைச்சூடு அருமையான சமாச்சாரம். அதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ரோமானியர் தரைக்கு அடியில தூண் நிறுத்தி, அடுப்புச் சூட்டை அதுக்குள்ள ஓட விட்டாங்க. கொரியாக்காரங்க ஒண்டோல்னு சொல்லி அடுப்புப் புகையைத் தரைக்கல்லுக்கு அடியில அனுப்பி, அது மேல பாய் போட்டுத் தூங்கினாங்க. ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சிருந்தது: நாலு பக்கம் சுவரும் மேல ஒரு கூரையும் இருக்கணும். ஏன்னா சூடாகுறது தரை மட்டும் இல்லை, அந்த அறை. உள்ள காத்து 20 டிகிரி இருக்கும், தரை 28 டிகிரி. வித்தியாசம் 8 டிகிரிதான். ஒரு சதுர மீட்டருக்கு 80, 90 வாட் போதும். அந்தச் சூடும் எங்கேயும் ஓடிடாம ரூமுக்குள்ளயே சுத்திட்டு இருக்கும்.

வெளிய? காத்து பூஜ்யம்னு வைங்க. அந்தப் பாட்டி வெறுங்காலோட நிக்கிறதுக்குத் தரை 25 டிகிரியாவது வேணும். காத்தே அடிக்காத நாள்லகூட ஒரு சதுர மீட்டர்லேர்ந்து 250 வாட் மேல போயிட்டே இருக்கும். லேசா காத்து அடிச்சா அதுவே 500. அவங்க பதிக்கிற கேபிளோட மொத்த சக்தியே சதுர மீட்டருக்கு 300 வாட்! அதாவது காத்தடிக்கிற சாயங்காலத்துல முழு வேகத்துல ஓடினாலும் தரை வெதுவெதுப்புக்குக்கூட வராது. அட்டையில இருக்கிற பாட்டிக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். விக்க வந்தவர்கிட்ட இதைக் கேட்டேன். "அது ஒரு விளக்கப் படம் மட்டுமே"ன்னார். எங்க ஆபீஸ் விற்பனை ஆளுங்க வாடிக்கையாளர்கிட்ட காட்டுற ஸ்கிரீன்ஷாட் ஞாபகம் வந்துச்சு.

"வெறுங்கால் எல்லாம் வேணாம் தம்பி, பனி உருகினா போதும்"னார் அண்ணன். நியாயம். அந்தக் கணக்கையும் பாத்துடுவோம்.

பத்து சென்டிமீட்டர் புதுப்பனி விழுதுன்னு வைங்க. புதுப்பனி லேசானது, சதுர மீட்டருக்குப் பத்து கிலோ வரும். முப்பது சதுர மீட்டருக்கு 300 கிலோ. ஒரு கிலோ பனியைத் தண்ணியாக்க 334 கிலோ ஜூல். மொத்தம் 28 யூனிட் கரண்ட். இது பனியை உருக்க மட்டும். அதுக்கு முன்னாடி அந்தத் தரையே சூடாகணும் இல்லையா? அடியில இருக்கிற பத்து சென்டிமீட்டர் கான்கிரீட்டை மைனஸ் 8லேர்ந்து பிளஸ் 3க்குக் கொண்டு வர இன்னொரு 19 யூனிட். முழு வேகத்துல ஓடினாலும், ஒரு துளி சூடு வெளிய போகலைன்னாலும், இதுக்கே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். நிஜத்துல போய்க்கிட்டே இருக்கும். அப்புறம் உருகின தண்ணியில ஒரு மில்லிமீட்டர் படலம் டைல்ஸ் மேலயே நிக்கும். அதைக் காய வைக்கணும்னா 30 கிலோ தண்ணியை ஆவியாக்கணும். அதுக்கு 21 யூனிட். பனியை உருக்க ஆகுற செலவுல முக்கால்வாசி வெறும் ஈரத்தைத் துடைக்க! ஒரு வைப்பர் கட்டை என்ன விலைங்க?

இன்னொரு தொல்லையும் இதுல இருக்கு. தரை சூடாகவே ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்னா, பனி விழுந்தப்புறம் ஸ்விட்சைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. முன்னாடியே சூடாக்கி வச்சுக் காத்திருக்கணும். பனி வரும்னு சொன்ன ராத்திரி எல்லாம் ஓடும், பனி வந்தாலும் வராட்டியும். மொத்த சக்தி 9 கிலோவாட். ஒரு முழு நாள் ஓடினா 216 யூனிட். இங்க யூனிட் 30 ராப்பன்னு வச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு 65 ஃப்ராங்.

இந்த 216 எனக்கு எங்க உறைச்சதுன்னா, எங்க வீட்டுக் கரண்ட் அட்டையில. 2016ல தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு கொண்டு வந்தாங்க. அம்மா அன்னிலேர்ந்து அந்த நூறைத் தாண்டக் கூடாதுன்னு ராத்திரி ஃபேனைத் தவிர எல்லாத்தையும் அணைச்சுட்டுப் படுப்பாங்க. எங்க வீட்டுக்கு அரசாங்கம் நாலு மாசத்துக்குத் தர்ற இலவச கரண்ட்டைவிட அதிகமா, இங்க ஒரு டெரஸ் ஒரே நாள்ல வானத்துக்கு ஊதி விடும்.

அடுத்தது தண்ணி. கையேட்டுல தண்ணியைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. 300 கிலோ பனி உருகினா 300 லிட்டர் தண்ணி. இருபது குடம். அது எங்க போகும்? ஆவியாகிப் போயிடும்னு நம்புறவங்க மேல இருக்கிற பத்தியைத் திரும்பப் படிக்கவும். சூடான டைல்ஸைத் தாண்டி ஓடும், சூடில்லாத ஓரத்துக்குப் போகும், ராத்திரி அங்க கண்ணாடி மாதிரி உறையும். டெரஸ்ல விழுந்த பனியைத் தோட்டத்துப் படியில பளிங்கா மாத்தி வைக்கிறதுக்கு ஐந்து இலக்கம்.

இது என் கற்பனை இல்லை. இங்கிலாந்துல எவர்ட்டன் கால்பந்து கிளப், 1958லயே குடிசன் பார்க் மைதானத்துப் புல்லுக்கு அடியில மின்கம்பி பதிச்சாங்க. அந்த நாட்டுலயே முதல் தடவை. சூடு எதிர்பார்த்ததைவிட நல்லாவே வேலை செஞ்சுது. ஆனா உருகின தண்ணியை வடிகால் தாங்கலை. 1960ல மைதானத்தையே திரும்பப் பேத்து, புது வடிகால் போட்டாங்க. அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு, நம்மாளுங்க இன்னும் கையேட்டுல வடிகாலுக்கு ஒரு வரி சேக்கலை.

நான் இவ்வளவும் சொன்னதும் விக்க வந்தவர் அசரலை. ரெண்டு அம்பு வச்சிருந்தார்.

ஒண்ணு: "உங்க வீட்டுல ஹீட் பம்ப் இருக்கே, மின்கேபிளுக்குப் பதிலா அதுலேர்ந்து குழாய் இழுத்துடலாம், கரண்ட் செலவு மூணுல ஒரு பங்குதான்." அண்ணன் வீட்டு ஹீட் பம்ப் 8 கிலோவாட். முழு வீட்டுக்கும் சேத்து. டெரஸ் மட்டும் தனியா 9 கேக்குது. வருஷத்துலயே குளிரான ராத்திரியில, வீட்டைச் சூடாக்கவே அது மூச்சு வாங்கிட்டு இருக்கும்போது, வீட்டைவிடப் பெரிய இன்னொரு வீட்டை அது தலையில ஏத்தணுமாம். அந்த இன்னொரு வீட்டுக்குச் சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. அது போக, வெளிய ஓடுற குழாய்ல உறையாத திரவம் ஊத்தணும், அதுக்குத் தனிச் சுற்று, நடுவுல வெப்பம் மாத்துற ஒரு பொட்டி. அது எதுவும் விலைத்தாள்ல இல்லை.

ரெண்டு: "கூரையில சூரியத்தகடு போட்டிருக்கீங்க, அதனால இது பசுமை மின்சாரம்." இந்த இடத்துலதான் எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு. ஐயா, பனி கொட்டுற அன்னிக்குத் தகடு மேலயும் பனிதானே கொட்டும்? டிசம்பர்ல சூரிச் பக்கம் வாரக்கணக்குல மேல மூடுபனி போத்திட்டு நிக்கும், சூரியன் எந்தப் பக்கம்னே தெரியாது. அதுலயும் இது ஓடப் போறது ராத்திரியில. ராத்திரிச் சூரியன் கண்டுபிடிச்சுட்டாங்களா, எனக்குத்தான் யாரும் சொல்லலையா?

ஏன் இந்தப் பசுமைப் பேச்சு வருதுன்னா, அதுக்குப் பின்னால ஒரு காரணம் இருக்கு. ஸ்விஸ் மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து எரிசக்திக்குன்னு ஒரு மாதிரி விதித்தொகுப்பு வச்சிருக்காங்க. அதுல வெளியிடச் சூட்டுக்குன்னே ஒரு விதி. டெரஸ், சாய்தளம், உக்காருற இடம்னு பேர் சொல்லியே போட்டிருக்காங்க: புதுப்பிக்கத்தக்க சக்தியிலயோ, வேற எதுக்கும் உதவாத கழிவுச் சூட்டுலயோ மட்டும்தான் வெளிய சூடாக்கலாம். விலக்கு உண்டு, ஆனா ஆளுங்களோட பாதுகாப்புக்கு அவசியமா இருக்கணும், கட்டடத்துல வேற மாத்தம் செஞ்சோ பனியை வாரியோ சமாளிக்க முடியாம இருக்கணும், குளிரையும் ஈரத்தையும் பாத்து ஓடுற கட்டுப்பாடு இருக்கணும். எவ்வளவு தெளிவா யோசிச்சிருக்காங்க பாருங்க. முதல்ல வாரு, அப்புறம் கட்டடத்தைத் திருத்து, ரெண்டும் முடியலைன்னா சூடு. நம்ம விற்பனை நண்பர் கடைசியிலேர்ந்து ஆரம்பிக்கிறார்.

இவங்க மட்டும் இல்லை. பிரான்ஸ்ல 2022ல ஓட்டல்காரங்க வெளித்திண்ணையில ஹீட்டர் வைக்கிறதையே நிறுத்திட்டாங்க. அமெரிக்காவுல பணக்காரங்க பனிச்சறுக்கப் போற ஆஸ்பென் ஊர்ல, வீட்டு வாசலைச் சூடாக்கணும்னா அதுக்குன்னு கட்டணம் கட்டுன்னு 2000ல விதி போட்டு, அந்தக் காசை மத்தவங்க வீட்டுல எரிசக்தியை மிச்சம் பண்ற வேலைக்குத் திருப்பி விட்டாங்க.

உடனே "இவன் எல்லாத்துக்கும் எதிரி"ன்னு கட்டம் கட்டிடாதீங்க. நல்ல உதாரணமும் இருக்கு. மிச்சிகன் மாநிலத்துல ஹாலண்ட்னு ஒரு ஊர். 1988லேர்ந்து கடைத்தெரு நடைபாதைக்கு அடியில குழாய் பதிச்சு பனியை உருக்குறாங்க. எதுல? மின் நிலையத்துல வீணாப் போற சுடுதண்ணியில. ரெய்க்யவிக்ல பூமிச்சூட்டுத் தண்ணி முதல்ல வீடுகளைச் சூடாக்கும். வீட்டை விட்டு வெளிய வரும்போதும் அதுல ஒரு 35 டிகிரி மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைத் தெருவுக்கு அடியில விடுறாங்க. வடிச்ச கஞ்சியில துணிக்கு மொடமொடப்பு ஏத்துற மாதிரி. அதுக்கு நான் எழுந்து நின்னு கை தட்டுவேன். ஆஸ்பத்திரி வாசல், சக்கர நாற்காலி ஏறுற சாய்தளம், செங்குத்தா இறங்குற கார் நிறுத்தப் பாதை, இதுக்கெல்லாமும் ஆட்சேபணை இல்லை. அங்க ஒரு தடவை வழுக்கினா உயிர் போகும், இருபத்து நாலு மணி நேரமும் யாரோ நடந்துட்டே இருப்பாங்க. அண்ணன் டெரஸ்ல குளிர்காலம் முழுக்க நடக்கிறது ஒரே ஒரு ஆள்.

"காசு இருக்கிறவன் போடுறான், உனக்கு ஏன்யா எரியுது?" இந்தப் பின்னூட்டம் வரும்னு தெரியும். போன பதிவுக்கே வந்துச்சு. பதில் இதோ. நான் பத்தாவது படிச்சது 2012ல, கோயமுத்தூர் பக்கம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இருக்காது. எமர்ஜென்சி லைட்டுல சார்ஜ் தீர்றதுக்குள்ள கணக்குப் போட்டு முடிக்கணும்னு ஒரு வேகத்துல படிச்ச கூட்டம் நாங்க. எங்க தெருவுல விசைத்தறி வச்சிருந்தவங்க அந்த ரெண்டு மூணு வருசத்துல தறியை எடைக்குப் போட்டுட்டு பனியன் கம்பெனிக்கு ஆளாப் போனாங்க. கரண்ட்னா பில்லு கட்டுறவன் சொத்துன்னு என்னால அதுக்கப்புறம் நினைக்க முடிஞ்சதே இல்லை. இங்கயும் கதை ரொம்ப வேற இல்லைங்க. கோடையில ஆத்துத் தண்ணியில கரண்ட் எடுத்து விக்கிற ஸ்விஸ், குளிர்காலத்துல பொதுவா வெளிய வாங்குற நாடு. 2022ல உக்ரைன் போர் வந்ததும், "இந்தக் குளிர்காலம் தாண்டுமா"ன்னு அரசாங்கமே சிக்கனப் பிரசாரம் பண்ணிச்சு. அந்தக் குளிர்காலத்துலதான் டெரஸ் 9 கிலோவாட் இழுக்கும். கோடையில யாரும் பனியை உருக்கப் போறதில்லை.

அது கிடக்கட்டும். எனக்கு இதுல பெரிய பயம் கரண்ட் இல்லை. ஒரு கணினிக்காரனா சொல்றேன், ஓடிட்டே இருக்கிற எதுவும் ஒரு நாள் நிக்கும். சென்சார் கெட்டுப் போகும், கட்டுப்பாட்டுப் பொட்டி தூங்கிடும், டைல்ஸுக்கு அடியில கேபிள் அறுந்துடும். (அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க சூடு தெரியுற கேமரா வச்சுத் தேடி, டைல்ஸை உடைக்கணும்.) அரைகுறையா ஓடினா இன்னும் மோசம். அடியில மட்டும் உருகி, மேல பனி கூடாரம் மாதிரி நின்னு, உள்ள ஈரம், விடியக்காலையில அது ஐஸ். இத்தனை நாள் காய்ஞ்ச தரையிலேயே நடந்து பழகின எழுபத்தெட்டு வயசு அம்மா அன்னிக்கும் அதே தைரியத்துல காலை வைப்பாங்க. முன்னாடியாவது பயந்து பயந்து வச்சாங்க.

சரி, அம்மா ஏன் விழுந்தாங்க? இவ்வளவு பேர் இவ்வளவு பேசினோமே, இந்தக் கேள்வியை யாரும் கேக்கலை. ஒரு பக் வந்தா முதல்ல எங்கேன்னு பாக்கணும். அதை விட்டுட்டு பெரிய சர்வர் வாங்கிப் போடுன்னு சொல்ற மேனேஜரை நாம எவ்வளவு கிழிச்சிருக்கோம்! நானும் தாள்ல கணக்கு போட்டுட்டு இருந்தேனே ஒழிய டெரஸைப் போய்ப் பாக்கலை. வெட்கமாத்தான் இருக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சதும் அம்மாகிட்டயே கேட்டேன். கையில கட்டோட கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. தினம் காலையில சமைச்சதும் காகத்துக்குச் சோறு வைக்கணும் அவங்களுக்கு. யாழ்ப்பாணத்துலேர்ந்து வர்ற பழக்கம், சூரிச் காகமும் பழகிடுச்சு. டெரஸோட அந்தக் கோடியில, கதவுலேர்ந்து அஞ்சு மீட்டர் தள்ளி, ஒரு பூந்தொட்டி மேல தட்டு. ஆனா விழுந்தது அங்க இல்லை. கதவுலேர்ந்து ரெண்டாவது எட்டு. அன்னிக்குப் பனியே பெய்யலை!

குனிஞ்சு பாத்தேன். கூரைத் தண்ணி இறங்குற குழாய் கதவுக்குப் பக்கத்துல இருக்கு. அதுல ஒரு இணைப்பு விலகி, பொட்டுப் பொட்டா சொட்டுது. டெரஸ் வெளிப்பக்கமா சரியணும். மீட்டருக்கு ஒண்ணரை, ரெண்டு சென்டிமீட்டராவது. இது கிட்டத்தட்ட மட்டம், அதுலயும் அந்த இடத்துல ஒரு தட்டு கவுத்த மாதிரி லேசா பள்ளம். தண்ணி அங்கேயே தேங்குது, ராத்திரி உறையுது. டைல்ஸோ, அண்ணி ஆசைப்பட்டு எடுத்த பளபள டைல்ஸ், வரவேற்பறைக்குப் போடுறது. வெளியிடத்துக்கு ஆர் 11னு சொரசொரப்பு வகை கேட்டு வாங்கணும். இது மழை நாள்லயே வழுக்கும்.

அதாவது அம்மாவைத் தள்ளி விட்டது குளிர் இல்லை. ஒழுகுற ஒரு குழாயும், சரிவு இல்லாத ஒரு தளமும், வழுக்குற டைல்ஸும். அந்த மூணையும் அப்படியே வச்சுக்கிட்டு மேல சூடு ஏத்தப் போறாங்க. புது டைல்ஸும் அதே பளபளதான், விலைத்தாள்ல மாதிரி எண் போட்டிருந்தது, தேடிப் பாத்தேன்.

என் யோசனையை ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். குழாய் இணைப்பைச் சரி பண்றது. கதவுக்கு மேல ஒரு மீட்டருக்குக் கண்ணாடிக் கூரை. சுவரோரமா ஒரு கைப்பிடி. அந்தப் பள்ளத்தை மட்டும் பேத்து, சரிவு வச்சு, சொரசொர டைல்ஸ். காகத்தட்டைக் கதவுலேர்ந்து ரெண்டு எட்டுல ஒரு கம்பத்துக்கு மாத்துறது. இதுக்கப்புறமும் மனசு ஆறலைன்னா, மாநில அலுவலகத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு, கதவுலேர்ந்து கம்பம் வரைக்கும் ஒரு மீட்டர் அகலம், மூணு மீட்டர் நீளம் மட்டும் கேபிள். 9 கிலோவாட் இல்லை, 0.9. அந்த மூணு சதுர மீட்டருக்கு நானே சண்டை போட மாட்டேன். மிச்ச இருபத்தேழுல பனி இருந்துட்டுப் போகட்டும், பாக்க அழகா இருக்கு.

அண்ணன் தாளைப் படிச்சார். மடிச்சார். "அம்மாவுக்குக் கணக்குப் பாக்கிறீரோ தம்பி?"ன்னார்.

அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. அவர் காசு மிச்சம் பிடிக்கிற மனுஷன் இல்லை, அம்மாவை முப்பது வருசத்துல பாதி நாள் ஃபோன்லயே பாத்தவர். இப்பத்தான் பக்கத்துல வச்சிருக்கார். ஐந்து இலக்கம் செலவு பண்ணா அந்த ஜனவரிக் காலை இல்லாமப் போயிடும்னு நினைக்கிறார். கையேடு அடிச்சவங்களுக்கு இது ரொம்ப நல்லா தெரியும். அட்டையில ஏன் பாட்டி படம் போட்டாங்கன்னு நினைக்கிறீங்க? அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை. கேபிளை வில்லுங்க, வியாபாரம். ஆனா ஒழுகுற குழாயைக் கண் முன்னாடி பாத்துட்டே, அதுக்குப் பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்து அளவெடுத்துட்டே, ஒரு வார்த்தை சொல்லாமப் போனாங்களே!

ரெண்டு ஞாயிறா எனக்குப் புட்டு இல்லை. விலைத்தாள் இந்த மாசக் கடைசி வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கு. நேத்து அண்ணி ஃபோன் பண்ணாங்க, அண்ணன் இன்னும் கையெழுத்துப் போடலையாம். வர்ற ஞாயிறு கூப்பிடாட்டியும் போகப் போறேன். ஒரு மட்டப்பலகை, குழாய்க்கு ரப்பர் வளையம் ரெண்டு, ஒரு ஸ்பானர் வாங்கி வச்சாச்சு. கதவைத் திறக்காட்டி பின்பக்கமாப் போய் அந்த இணைப்பை மட்டும் மாட்டிட்டு வந்துடுவேன்.

பி.கு: கட்டுப் பிரிச்ச மறுநாள் அம்மா மறுபடி காகத்துக்குச் சோறு வச்சாங்களாம், அண்ணன் வேலைக்குப் போனப்புறம். அண்ணனுக்குத் தெரியாது, யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க :-)